குழிவெட்டி ஜோப்புக்காக புஷ்பவள்ளி எழுதிய நாலு வரி

புஷ்பவள்ளியின் கண்ணுக்குத் தப்பிய கையெழுத்து பினாங்கின் ஜார்ஜ்டவுனில் கிடையாது. டாக்டர் கிறுக்கித் தந்த சீட்டை மருந்துக் கடைக்காரரே அவளிடம் நீட்டி, "அக்கா, இது என்னான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்ட கதை உண்டு. அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "நீ படிக்கிறது மருந்து இல்ல தம்பி, டாக்டரோட கையெழுத்து. மருந்து அதுக்கு மேல இருக்கு" என்றாளாம்.

இந்த வித்தை சும்மா வரவில்லை. இருபது வயதில் துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ தெருவில் ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், முப்பத்தெட்டு வருஷம் கழித்து அதே நாற்காலியிலிருந்துதான் எழுந்தாள். உலகத்தில் எந்த மூலையிலிருந்து கப்பல் வந்தாலும் அதன் சரக்குப் பட்டியல் அவள் மேஜைக்கு வரும். ஆடுகிற கப்பலில், ஆடுகிற கையால், சில சமயம் ஆடுகிற தலையோடும் எழுதியது. அதைப் படித்துச் சுத்தமாக டைப் அடிக்க வேண்டும். ஆபீஸில் ஒரே சட்டம்: காலிக் கட்டம் கூடாது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் சுங்கத்துறை சரக்கை விடாது. சரக்கு கிடங்கில் கிடக்கும், முதலாளி உயிரை வாங்குவார். அதனால் படிக்க முடியாத பெட்டிக்கெல்லாம் புஷ்பவள்ளி 'இயந்திர உதிரிப் பாகங்கள்' என்று போட்டாள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஏதாவது ஒன்றின் உதிரிப் பாகம் இருக்கத்தானே செய்யும்? முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் உயிருள்ள வாத்துகள் இயந்திர உதிரிப் பாகங்களாக இறங்கின.

கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மூன்று முறை வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது கூட்டம் கேசரியில் முந்திரி குறைவு என்று வேறு சொல்லிவிட்டுப் போனது. அத்தோடு அவள் அந்தக் கட்டத்தைத் தானே கோடு போட்டு அடித்துவிட்டாள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவளுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. அடுக்குமாடி வீட்டில் காலையில் எழுந்து பால் பாக்கெட்டில் அச்சடித்ததை முழுசாகப் படித்து முடித்து, அப்புறம் படிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஷர்மினி இதைப் பார்த்துப் பயந்துபோய், தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தை, இங்கிலாந்துல ஒரு கிராமத்துக்காரங்க பழைய நோட்டுப் புத்தகத்தை டைப் அடிச்சுத் தர ஆள் தேடுறாங்க. காசு கிடையாது. ஆனா கையெழுத்து படு கேவலமா இருக்கு" என்றாள்.

'படு கேவலமா' என்ற வார்த்தையைக் கேட்டதும் புஷ்பவள்ளியின் முகத்தில் மூன்று மாதத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

கிராமத்தின் பெயர் நெதர் ஆப்லி. ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு சாராயக் கடை, நானூறு பேர். அங்கே நூறு வருஷத்துக்கு முன் பாதிரியாராக இருந்த வில்மட் என்பவர், 1903 முதல் 1914 வரை, ஊரில் ஒரு கோழி தும்மினாலும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் பதினொரு நோட்டு. கிராமத்து வரலாற்றுச் சங்கத்தார் அவற்றைப் படம் பிடித்து, பதிவு செய்த தொண்டர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டிருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் ஹில்டா பிராம்லி என்ற அம்மாள். வில்மட்டின் எழுத்தை அந்த ஊர்க்காரர்களாலேயே படிக்க முடியவில்லை. எறும்புக் கூட்டம் தண்ணியடித்துவிட்டு வீடு திரும்பிய மாதிரி இருக்கும். புஷ்பவள்ளி முதல் பக்கத்தை இருபது நிமிஷத்தில் அடித்து அனுப்பினாள். ஹில்டா அம்மாள் பதில் எழுதினார்: "நீங்கள் யார்? மந்திரவாதியா?"

அன்று முதல் அவளுக்கு வாழ்க்கை மறுபடி ஆரம்பித்தது. காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் நான்கு பக்கம். பத்து மணிக்கு இறங்கி, பின் சந்தில் இருக்கும் சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்குப் போவாள். காலைக் கூட்டம் போய், மத்தியானக் கூட்டம் வராத நேரம். நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரேக் சொல்லிவிட்டு, அன்று படித்ததைச் சொல்வாள். முதலில் கேட்டது சீனி முகம்மது மட்டும். அப்புறம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற லோகேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்புறம் சமையல்கட்டிலிருந்து சீனி முகம்மதுவின் மனைவி சுலைஹா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். கடைசியில் பத்து மணிக்குக் கதை ஆரம்பிக்காவிட்டால் கடையில் யாருக்கும் டீ கிடைக்காது என்ற நிலை வந்தது.

நெதர் ஆப்லியின் அக்கப்போர் அப்படி. மணியடிக்கிறவர்கள் ஆறு பேரும் கோபுரத்துக்குள் பீர் பீப்பாயை ஏற்றிவிட்டு, இறக்கத் தெரியாமல் அங்கேயே குடித்துத் தீர்த்தது. ஆர்மோனியத்துக்குள் எலி குட்டி போட்டு, ஈஸ்டர் பாட்டில் பாதிச் சுரம் வராமல் போனது. ராஜாவின் முடிசூட்டு விழாவுக்கு ஊரே மைதானத்தில் விருந்துக்கு உட்கார, மழை கொட்டி, கேக்கெல்லாம் களியாகி, பாதிரியார் அதையும் ஆசீர்வதித்தது.

"பாதிரியாருக்கு வேற வேலையே இல்லையா அக்கா?" என்றான் லோகேஸ்வரன்.

"இருந்துச்சே. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்."

"நல்ல வேலைலா. அப்பவே தெரிஞ்சிருந்தா அதுக்கே எழுதிப் போட்டிருப்பேன்."

"நீ போட்டிருந்தா அந்தப் பீப்பாயை இறக்கவே வேண்டியிருந்திருக்காது" என்றார் சீனி முகம்மது.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன கதையில்தான், ஒன்பதாவது நோட்டில், 1911 நவம்பர் பதினேழாம் தேதிப் பக்கத்தில், விதி ஒரு பழுப்பு நிறக் கறையாக வந்து உட்கார்ந்தது.

பக்கத்தின் மேல்பாதி தெளிவு. 'மாலையில் குழிவெட்டி ஜோப் டனெட் வந்தான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு முகம் சிவக்க நின்றான். பள்ளிக்கூடத்து மிஸ் ஹாலோவே விஷயமாக...' அதற்குப் பிறகு நாலு வரிக்குக் கறை. டீயோ, காப்பியோ, வேறு பானமோ, பாதிரியாருக்கே வெளிச்சம். கறைக்குக் கீழே ஒரே வரி: 'ஈஸ்டருக்கு முன் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.'

இப்படிப்பட்ட இடத்தில் 'படிக்க முடியவில்லை' என்று போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. புஷ்பவள்ளி அதைப் படித்திருந்தாள். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் காலிக் கட்டம் விடாத விரல்கள் அல்லவா!  ஒரு ஆண்பிள்ளை. கையில் தொப்பி. சிவந்த முகம். கன்னி கழியாத டீச்சரம்மா. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் சர்ச்சில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு எட்டாவது நோட்டிலிருந்தே தெரியும். இதற்கு மேலும் என்ன சாட்சி வேண்டும்? சுங்கத்துறையே ஒத்துக்கொண்டிருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு வரி அடித்தாள். '...அவளைத் தனக்கு மணமுடித்து வைக்கும்படி கேட்டான். ஐயா, இந்த ஊரில் எல்லாருக்கும் கடைசி வீட்டை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். என் வீட்டில் விளக்கேற்ற எனக்கென்று ஒருத்தி வேண்டாமா என்றான்.'

பத்து மணிக்குக் கடையில் இதைச் சொன்னபோது, இங்கிலாந்துக் குழிவெட்டி எந்த ஊர் வழக்கப்படி விளக்கேற்ற ஒருத்தியைத் தேடினான் என்று யாரும் கேட்கவில்லை. சுலைஹா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். லோகேஸ்வரன்கூட எழுந்து போய் வாசலில் நின்று சிகரெட் பிடித்தான். ஹில்டா அம்மாளோ, கறைக்கு அடியிலும் படிக்கத் தெரிந்த பினாங்கு மந்திரவாதியை முழுசாக நம்பினார். ஒன்பதாவது நோட்டு இணையத்தில் வெளியானது. நெதர் ஆப்லி மொத்தமும் அழுதது. ஜோப்பும் டீச்சர் ஈடித் ஹாலோவேயும் கடைசிவரை கல்யாணம் செய்யாமல் இறந்து, அதே சர்ச் தோட்டத்தில் நாற்பதடி தள்ளித் தள்ளிப் படுத்திருப்பதை ஊர் புதிதாகக் கவனித்தது. ஆறு மாதத்தில் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு கல்லறைக்கும் நடுவில் ஓக் மரத்தில் ஒரு பெஞ்சு. அதன் முதுகில் இருவர் பெயரும், ஜோப் சொன்ன அந்த வரியும், வரிக்கு மேலே செதுக்கிய ஒரு விளக்கும். ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

படத்தை ஹில்டா அனுப்பியபோது புஷ்பவள்ளி லேப்டாப் திரையைத் தடவிப் பார்த்தாள். தன் கையால் எழுதியது ஒன்று மரத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில், புதன்கிழமை காலை, பத்தாவது நோட்டில் 1912 மார்ச் பதினான்காம் தேதியைத் திறந்தாள். கறை இல்லை. மை கொட்டவில்லை. பாதிரியார் வாழ்க்கையிலேயே முதல் முறையாக நன்றாக எழுதியிருந்தார், பாவி.

'ஜோப் மறுபடி வந்தான். போன நவம்பரில் கொண்டுவந்த அதே வழக்கு. கல்லறைத் தோட்டத்துப் புல் வழக்கப்படி குழிவெட்டிக்குச் சொந்தம், அதை மிஸ் ஹாலோவேயின் ஆடு மேய்கிறது, ஆட்டைக் கட்டிப் போடச் சொல்லுங்கள் என்றான். ஆட்டுப் பாலைத்தான் டீச்சரின் தாய் குடிக்கிறாள், ஈஸ்டர் வரை பொறு என்று அப்போதே சொன்னேனே என்றேன். நேற்று அது கர்னலின் மனைவி கல்லறையில் வைத்த மலர் வளையத்தையும் தின்றுவிட்டதாம். ஆட்டுக்கு விக்டோரியா என்று காலஞ்சென்ற மகாராணியின் பெயரை வைத்ததையும் அவன் குறையாகச் சொன்னான். அதில் எனக்கும் வருத்தமே.'

புஷ்பவள்ளி நாற்காலியில் சாய்ந்தாள். காதலும் இல்லை, விளக்கும் இல்லை. ஆடு.

அன்று கதை சொல்லவில்லை. மறுநாள்தான் சொன்னாள். 

"ஆடா?" என்றாள் சுலைஹா. "அக்கா, நான் அந்தாளுக்காக ரெண்டு நாள் சரியா சாப்பிடல."

"பெஞ்சு செஞ்சாச்சுலா" என்றான் லோகேஸ்வரன். "இனி மாத்துறதா? மானா போலே, முடியவே முடியாது. அந்த ஆட்டு வரியை மட்டும் விட்டுட்டு மத்ததை டைப் அடிச்சு அனுப்புங்க. யாருக்குத் தெரியப் போவுது? உங்களைத் தவிர அந்தக் கையெழுத்தைப் படிக்க ஆள் கிடையாது."

அதுதான் அவளையும் கொன்றுகொண்டிருந்தது. படிக்க வேறு ஆள் கிடையாது. ஆட்டை விழுங்கிவிட்டால் பெஞ்சு நிற்கும், ஜோப் காதலனாகவே இருப்பான், பதினோராவது நோட்டு அடுத்த மாதம் அவள் கைக்கு வரும். அந்தக் கடைசி நோட்டுக்காகத்தான் அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், இட்டுக் கட்டுகிற தொண்டரை நீக்கிவிடுவது என்று சங்கத்தின் விதியிலேயே இருந்தது. கடைசி நோட்டு வேறு யாருக்கோ போகும். மறுபடி பால் பாக்கெட்தான்.

"நீங்க என்னா சொல்றீங்க பாய்?" என்று கேட்டாள்.

சீனி முகம்மது துடைத்த கல்லாவையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். "நான் மீன் குழம்புன்னு எழுதிப் போட்டுட்டு உள்ளே ஆட்டுக்கறி வெச்சா நீ சும்மா விடுவியா அக்கா? கடையையே கவுத்துருவ."

"அது சாப்பாடு பாய். இது செத்துப் போனவங்க."

"செத்தவங்கன்னா எழுந்து வந்து கேக்க முடியாதுன்னு தைரியமா?"

புஷ்பவள்ளி டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள். அந்தக் கடையில் அவள் டீயை மிச்சம் வைத்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே காலை பத்து, வீடியோவில் ஹில்டாவை அழைத்தாள். பேச்சு இங்கிலீஷில். சுற்றி வளைக்காமல், சரக்குப் பட்டியல் வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டாள்: கறைக்கு அடியில் தனக்கு ஒன்றும் தெரியவில்லை, நாலு வரியும் தன் கைவரிசை, ஜோப் கேட்டது ஆட்டை.

 ஹில்டாவின் படம் உறைந்துவிட்டதோ என்று புஷ்பவள்ளி திரையைத் தட்டினாள்.

"நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றார் ஹில்டா. "விளக்கும்?"

"விளக்கும் நான்தான்."

"விளக்குக்கு மட்டும் செதுக்குகிறவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார், மிஸ் புஷ்பவள்ளி."

"தெரியும். மன்னிச்சுக்குங்க."

"என்னிடம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அங்கே நிற்கும். அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது."

அந்த ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணிக்கு, சீனி முகம்மதுவின் கடையில், தக்காளி சாஸ் போத்தல்மேல் சாய்த்து வைத்த கைப்பேசிக்கு முன்னால் புஷ்பவள்ளி பச்சைப் பட்டுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். தூக்குமேடைக்கும் உடுத்திக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அவள் கட்சி. பின்னால் லோகேஸ்வரன், சுலைஹா, சீனி முகம்மது, பரோட்டா வாங்க வந்து விஷயம் தெரியாமல் நின்றுவிட்ட இரண்டு பேர். திரையில் பச்சைப் புல், சாம்பல் நிற சர்ச், தொப்பி வைத்த ஐம்பது அறுபது தலைகள், துணி போர்த்திய பெஞ்சு.

சொன்னாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது, விக்டோரியா என்ற இடத்தில். அது உடைந்தது அழுகையிலா சிரிப்பிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

 பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், முழங்கால்வரை சேறு பிடித்த பூட்ஸோடு, ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கைப்பேசியை ஹில்டாவின் கையிலிருந்து பிடுங்கினாள்.

"என் பெயர் ஜில் ஹாலோவே. ஈடித் என் தாத்தாவின் அக்கா. நீங்கள்தானா அந்தப் பெண்மணி?"

"ஆமா" என்றாள் புஷ்பவள்ளி. லோகேஸ்வரன் தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் போனான்.

"ஈடித் எழுதின கடிதம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஜோப் டனெட்டை மண்வெட்டி பிடித்த கழுதை என்று எழுதியிருக்கிறாள். ஆறு மாதமாக இதைச் சொல்கிறேன். யாராவது கேட்டார்களா? பாதிரியாரே எழுதியிருக்கிறார், நீ சும்மா இரு என்றார்கள். கடைக்குப் போனால் ரொட்டிக்காரன் என்னைப் பார்த்து உருகுகிறான். நேற்று ஒரு ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் குடும்பத்தின் சோகம் எனக்குப் புரிகிறது என்கிறான். சோகமா? அவள் எழுபத்தெட்டு வயதுவரை சைக்கிள் ஓட்டினாள்! அவளுக்கு எவனும் தேவைப்படவில்லை!"

 கேசரி, முந்திரி, மூன்று மாப்பிள்ளை வீடு எல்லாம் ஒரு கணம் புஷ்பவள்ளியின் கண்முன் வந்து போயிற்று. தனக்கு யாரோ இப்படி நாலு வரி எழுதி, தெருமுனையில் பெஞ்சு போட்டு, வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டால் எப்படி இருக்கும்?

"உங்க தாத்தாவோட அக்காவுக்கு நான் பெரிய அநியாயம் பண்ணிட்டேன்" என்றாள். "எனக்கும் யாரும் இல்ல. நானும் நல்லாத்தான் இருக்கேன். நானே இப்படி எழுதியிருக்கக் கூடாது."

 ஜில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீர்களா? எல்லாரும் கேட்டீர்களா? ஆடு!" என்று கத்தினாள். முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு தொப்பி தொப்பியாகப் பரவியது. ஹில்டா மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது நாள் விளக்கை நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். உங்கள் நேர்மையைச் சங்கம் பாராட்டுகிறது, உங்கள் பெயர் தொண்டர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது, இரண்டும் ஒரே வாக்கியத்தில். பெஞ்சின் வரியை இழைத்து எடுத்துவிட்டார்கள். ஜோப்பின் பெயரை ஜில்லே நின்று எடுக்க வைத்தாள். விளக்கு ஆழமாக இறங்கியிருந்ததால் விட்டுவிட்டார்கள். ஈடித் இரவில் சைக்கிள் ஓட்டியதைக் குறிக்கும் விளக்கு என்று இப்போது வருகிறவர்களுக்குச் சொல்கிறார்களாம்.

பதினோராவது நோட்டு கனடாவில் யாரோ ஒரு ஆளுக்குப் போனது. வாரத்துக்கு ஒரு பக்கம் வெளியாகிறது. புஷ்பவள்ளி ஊர்ச் சனங்களோடு சனமாக, வெளியானதை மட்டும் படிக்கிறாள். படித்துவிட்டுப் பத்து மணிக்குக் கடைக்கு இறங்குகிறாள்.

போன வாரம் அவள் வந்த வேகத்தைப் பார்த்தே சீனி முகம்மது டீயைக் கொஞ்சம் கூடுதலாக ஆற்றினார்.

"என்னா அக்கா, இன்னிக்கி என்னா?"

"1913 மே ஏழு. 'விக்டோரியா இன்று சர்ச்சுக்குள்ளேயே நுழைந்து...' அப்படின்னு இருக்கு பாய்."

"நுழைஞ்சு?" என்று சுலைஹா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"அதுக்கப்புறம் 'படிக்க முடியவில்லை'ன்னு போட்டிருக்கான் கனடாக்காரன். அடுத்த வரி, 'பிஷப் அவர்கள் பெருந்தன்மையாக மன்னித்தார்'."

கடை மொத்தமும் துடித்தது. "பிஷப்பை முட்டிருச்சா?" என்றான் லோகேஸ்வரன். "இல்ல அங்கியத் தின்னுருச்சா? அக்கா, கையெழுத்தையே உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச ஆளு நீங்க. சும்மா ஒரு வரி சொல்லுங்கலா. நாலு பேருக்குள்ளதானே?"

புஷ்பவள்ளிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று விதமாக வந்தது, அதில் ஒன்றில் பிஷப் ஓடினார். ஒரு மிடறு டீ குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றாள்.

"அய்யோ, கொல்றீங்களே!"

"எனக்கு மட்டும் என்னா, சுகமா இருக்குன்னு நினைச்சியா?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தாள். சுலைஹா, அடுப்பில் என்னவோ தீய்கிற வாசனை வந்த பிறகும், வாசலை விட்டு நகரவில்லை.